ஹானர்ஸ் முதலாண்டு மாணவர்களுக்கு எந்த வகைச் சீனியர் குழு நல்லது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நன்றாகப் படிப்பவர்களுக்கென்று ஹானர்ஸ் என்ற தனிப் பிரிவு உண்டு. அதன் அலுவலகங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒரு பேச்சு நடக்கும். ஆகஸ்டில் வரப்போகும் புதிய மாணவர்களுக்குத் துணையாகச் சீனியர்களை எந்த முறையில் வைப்பது? ஒருவருக்கு ஒருவரா, ஆறு பேருக்கு ஒருவரா, ஒரு வகுப்போடு சேர்த்தா, அல்லது ஒரு பாடத்தோடு சேர்த்தா? போன வருஷம் செய்ததையே இந்த வருஷமும் செய்வோம் என்று அந்தப் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். அப்படி முடியக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அக்டோபரில் தடுமாறும் ஒரு மாணவிக்குப் பக்கத்தில் ஆள் இருப்பார்களா இல்லையா என்பதே மாறிவிடுகிறது.

டெக்சஸ், ஜார்ஜியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஹானர்ஸ் கல்லூரி புதிய பெயர் அல்ல. மாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தில் சிறிய வகுப்புகள், ஸ்காலர்ஷிப், தனி டார்ம் (விடுதி) எல்லாம் கிடைக்கும் என்பதால் பலர் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள். அதனால் இந்த முடிவை எடுக்கும் பேராசிரியருக்கு மட்டுமல்லாமல், "அங்கே சீனியர் உதவி எப்படி இருக்கும்?" என்று கேட்க வேண்டிய பெற்றோருக்கும் மாணவருக்கும் இந்த ஒப்பீடு பயன்படும்.

முதலில் ஹானர்ஸ் மாணவர்களின் சிக்கல் என்ன என்று பார்த்துவிடலாம். ஃபிராங்க் ஐடெலாட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்தவர். அவர் தலைவராக இருந்த ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922-ல் ஹானர்ஸ் முறையைத் தொடங்கியபோது, நன்றாகப் படிப்பவர்களுக்கு விரிவுரை போதாது, சிறு குழுவில் விவாதிக்கவும் சொந்தமாக ஆராயவும் இடம் வேண்டும் என்பதே நோக்கம். பின்னால் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களும் இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டன. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பாரெட் கல்லூரி 1988-லும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஹானர்ஸ் கல்லூரி 2001-லும் உருவாயின. இன்று பல்லாயிரம் பேர் படிக்கும் வளாகத்துக்குள் சில நூறு அல்லது சில ஆயிரம் பேர் கொண்ட தனிக் கூட்டமாக ஹானர்ஸ் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீடிப்பதற்கு ஒரு குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) உண்டு. பல ஸ்காலர்ஷிப்களுக்கும் அப்படித்தான்.

இவர்களில் யாருக்கும் தோற்றுப் பழக்கமில்லை. பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர், தன்னைப் போன்ற முதலிடக்காரர்கள் மட்டுமே இருக்கும் அறைக்கு வந்ததும் தன் திறமையைப் பற்றிய மதிப்பீடு இறங்கிவிடுகிறது. திறமை கொஞ்சமும் குறையவில்லை, ஒப்பிடும் ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். போலின் கிளான்ஸும் சூசான் ஐம்ஸும் 1978-ல் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சாதித்த பெண்கள் பலர், தாங்கள் உண்மையில் தகுதி இல்லாதவர்கள், யாரோ தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்கள். ஹானர்ஸ் முதலாண்டில் ஆண், பெண் இருபாலரிடமும் இந்தப் பயத்தைப் பார்க்கலாம்.

இதன் விளைவு மிக நடைமுறையானது. உதவி கேட்க மாட்டார்கள். மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் 'ஆபீஸ் ஹவர்ஸ்' நேரத்துக்குப் போக மாட்டார்கள், ஏனென்றால் போனால் தெரியாதது தெரிந்துவிடும். டியூட்டரிங் மையம் "படிப்பு வராதவர்களுக்கு" என்று நினைப்பார்கள். வீட்டில் இருந்து போன் வந்தால் "எல்லாம் நல்லா போகுது" என்பார்கள். ஆகவே எந்த மென்டரிங் (சீனியர் துணை) முறையையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: உதவி கேட்கத் தெரியாத ஒருவருக்கு, அவர் கேட்காமலே உதவி போய்ச் சேருகிறதா?

ஒருவருக்கு ஒருவர்

காகிதத்தில் மிக அழகாகத் தெரிவது இதுதான். ஒவ்வொரு புதிய மாணவருக்கும் ஒரு சீனியர். விருப்பங்களைக் கேட்டு ஒரு படிவம், அதை வைத்து ஜோடி சேர்ப்பது, கோடையில் ஒரு அறிமுக மின்னஞ்சல், முதல் வாரத்தில் ஒரு காபி. சில ஜோடிகள் நான்கு வருஷமும் நண்பர்களாக இருப்பார்கள். அந்தச் சிலரின் கதைதான் அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பிலும் வரும்.

ஆனால் இந்த முறையில் எல்லாச் சுமையும் கேட்பவர் மேல் விழுகிறது. "ஏதாவது வேணும்னா மெசேஜ் பண்ணு" என்று சீனியர் சொல்வார், மனதாரத்தான் சொல்வார். தேவைப்படும்போது மெசேஜ் அனுப்பத் தெரிந்த மாணவருக்கு இந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும் ஆள் கிடைத்துவிடும். அனுப்பத் தெரியாதவர் செப்டம்பருக்குப் பிறகு தொடர்பிலிருந்து நழுவிவிடுவார். இரண்டு பேர் மட்டும் இருக்கும் உறவில் ஒருவர் பின்வாங்கினால் உறவே இல்லை. சீனியருக்குத் தேர்வு, இன்டர்ன்ஷிப் என்று வேலை வந்தாலும் இதே கதி. யாரும் கவனிக்காமல் ஜோடி கலைந்துவிடும், அலுவலகப் பட்டியலில் மட்டும் அது இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, எண்ணிக்கை. 200 புதியவர்கள் வந்தால் 200 சீனியர்கள் வேண்டும். முந்தைய பேட்ச் முழுவதையும் இழுத்தால்தான் அது முடியும். அப்படி இழுக்கும்போது தேர்ந்தெடுப்பது என்பதே போய்விடுகிறது, வருகிறவரை எடுத்துக்கொள்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர், உடல்நலக் குறைபாடு உள்ளவர் ஆகியோருக்குக் கூடுதலாக இப்படி ஒரு துணை வைப்பதில் எனக்கு முழுச் சம்மதம். எல்லோருக்குமான அடிப்படை ஏற்பாடாக இதை வைப்பதற்கு இல்லை.

ஆறு பேருக்கு ஒருவர்

இந்த விகிதம் இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மென்டரிங் செல் ஒன்றை அமைக்க வேண்டும், விருப்பமுள்ள மாணவர்கள் அடுத்த கல்வியாண்டின் புதியவர்களுக்கு மென்டர்களாக இருக்க வேண்டும், ஆறு புதியவர்களுக்கு ஒரு மென்டர், ஆறு மென்டர்களுக்கு மேல்நிலை மென்டர் ஒருவர் என்று சொல்கின்றன. அந்த விதிகளுக்குப் பின்னால் உயிரிழப்புகள் இருக்கின்றன. தமிழ்நாடு அதற்கு முன்பே அந்த வலியைப் பார்த்துவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996-ல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு 1997-ல் இங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியர் என்பவர் பயமுறுத்துகிறவராகவும் இருக்க முடியும், தாங்கிப் பிடிக்கிறவராகவும் இருக்க முடியும். எது நடக்கும் என்பது நிறுவனம் எப்படி அமைக்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. 2009 விதிகளை எழுதியவர்கள் தண்டனையோடு நிறுத்தாமல் மென்டரையும் சேர்த்தது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

அமெரிக்க ஹானர்ஸ் கல்லூரிகளிலும் ஆறு முதல் பத்துப் பேர் வரையிலான சிறு குழுக்கள் சாதாரணம். ஒருவருக்கு ஒருவர் முறையைவிட இது பல படி மேல். மென்டரோடு ஒட்டாவிட்டாலும் குழுவில் வேறு ஐந்து பேர் இருக்கிறார்கள். பேசத் தயங்குகிறவர் இன்னொருவர் கேட்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "எனக்கு கெமிஸ்ட்ரி சுத்தமா புரியல" என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால், மற்ற நான்கு பேரும் "எனக்கும்தான்" என்பார்கள். அந்தக் கணத்துக்கு இருக்கும் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒருவர் வரவில்லை என்றால் அது உடனே கண்ணில் படும் என்பதும் முக்கியம்.

சிக்கல் மூன்றாவது, நான்காவது சந்திப்பில் தொடங்குகிறது. முதல் சந்திப்பில் வளாகத்தைச் சுற்றிக் காட்டியாயிற்று. இரண்டாவதில் வகுப்புப் பதிவு எப்படி என்று சொல்லியாயிற்று. மூன்றாவதில் பீட்சா. அப்புறம்? சந்திப்பதற்குக் காரணம் தீர்ந்துபோகிறது. அக்டோபர் நடுவில், மிட்டெர்ம் (பருவ நடுத் தேர்வு) வாரத்தில், அதாவது குழு மிகவும் தேவைப்படும் நேரத்தில், "படிக்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லி ஆட்கள் வராமல் போகிறார்கள். நட்பை மட்டும் நோக்கமாக வைத்துக் கூட்டும் குழுவுக்கு இந்தப் பலவீனம் கூடவே பிறந்தது. படிப்பு மாணவரின் வாரத்தில் மையமாக இருக்கிறது, குழு ஓரத்தில் இருக்கிறது. நெருக்கடி வந்தால் ஓரத்தில் இருப்பதுதான் முதலில் வெட்டுப்படும்.

வகுப்போடு சேர்ந்த குழு

இந்தப் பலவீனத்துக்கு ஒரு விடை, குழுவைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருவது. தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் "யூனிவர்சிட்டி 101" இதில் பழைய உதாரணம். 1970-ல் அந்த வளாகத்தில் மாணவர் போராட்டம் கலவரமாக மாறிய பிறகு, மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான உறவைச் சரிசெய்ய 1972-ல் தொடங்கப்பட்ட முதலாண்டு வகுப்பு அது. பிறகு அதில் ஆசிரியரோடு சேர்ந்து நடத்தும் மூத்த மாணவர்களும் வந்தார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் உள்ள முதலாண்டு ஆர்வக் குழுக்கள் இன்னும் ஒரு படி போகின்றன. இருபதிலிருந்து இருபத்தைந்து பேர் வரை சேர்ந்தே சில பாடங்களை எடுப்பார்கள். அதோடு வாரம் ஒரு சிறு வகுப்பு. அதை ஒரு சீனியரும் ஓர் அலுவலரும் சேர்ந்து நடத்துவார்கள்.

இதன் பெரிய பலம், வருகை. அது கால அட்டவணையில் இருக்கிறது, ஆகவே வருவார்கள். ஒரே முகங்களை வாரத்தில் பல முறை வெவ்வேறு வகுப்புகளில் பார்ப்பதால் பழக்கம் தானாகவே உண்டாகிறது. நாற்பதாயிரம் பேர் இருக்கும் வளாகத்தில் இருபது முகம் தெரிவது எவ்வளவு ஆறுதல் என்பதை வெளியூருக்குப் படிக்கப் போன யாரும் அறிவார்கள்.

குறை என்றால், ஹானர்ஸ் மாணவர்கள் முன்கூட்டியே கிரெடிட்களோடு வருவது. பள்ளியிலேயே, கல்லூரி கிரெடிட் தரும் ஏ.பி. தேர்வுகளில் கால்குலஸ், ஆங்கிலம், வரலாறு எல்லாம் முடித்திருப்பார்கள். ஒருவர் முதல் கால்குலஸில் இருப்பார், இன்னொருவர் மூன்றாவதில். இருபது பேரை ஒரே பாடத் தொகுப்பில் அடைப்பது அலுவலகத்துக்குத் தலைவலி. வாராந்திர வகுப்பில் "நேர மேலாண்மை", "குறிப்பெடுப்பது எப்படி" என்று சொல்லிக்கொடுத்தால் இவர்கள் அதைத் தங்களுக்கு வேண்டாதது என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒதுக்குவதில் நியாயமும் இருக்கிறது. குறிப்பெடுக்கத் தெரியாததால் இவர்கள் தடுமாறவில்லை. தனக்கு உடனே புரியாத ஒன்றோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்பதுதான் இவர்களுக்குத் தெரியவில்லை.

பாடத்தோடு சேர்ந்த குழு

இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1970-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த யூரி டிரீஸ்மன் ஒரு கேள்வியோடு தொடங்கினார். முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? பேராசிரியர்களிடம் கேட்டபோது ஊக்கமில்லை, அடித்தளம் போதவில்லை, குடும்பம் ஆதரவு தரவில்லை, வருமானம் குறைவு என்று வழக்கமான பதில்கள் வந்தன. அவர் அதோடு நிற்கவில்லை. இருபது கறுப்பின மாணவர்கள், இருபது சீன அமெரிக்க மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே, எப்படி, யாரோடு படிக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன எந்தக் காரணமும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் பிடித்தவர்கள். குடும்பங்கள் கல்வியில் உயிரையே வைத்திருந்தன. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர்களும் வாரத்துக்குச் சுமார் எட்டு மணி நேரம் ஒழுங்காகப் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். நண்பர்கள் வேறு, படிப்பு வேறு.

சீன அமெரிக்க மாணவர்கள் சுமார் பதினான்கு மணி நேரம் செலவிட்டார்கள். அதில் பெரும்பகுதி தனியாகத்தான். ஆனால் மாலையில் கூடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், ஒருவர் விடையை இன்னொருவர் திருத்துவார்கள், பழைய தேர்வுத்தாள்களை எடுத்துப் போடுவார்கள். சில சமயம் யாருடைய அண்ணனோ உறவினரோ வந்து கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள். யாராலும் போட முடியாத கணக்கு என்றால் அது உண்மையிலேயே கடினமான கணக்கு, குறை தன்னிடம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாகப் படித்தவருக்கு இந்தச் செய்தி கிடைக்க வழியே இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தனக்கு வரவில்லை.

1970-களின் இறுதியில் டிரீஸ்மன் அமைத்த பட்டறை இதை அடிப்படையாகக் கொண்டது. மாணவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, வழக்கமான வீட்டுப் பாடத்தைவிடக் கடினமான கணக்குத் தாள்களைப் போடுவார்கள். நடத்துபவர் விடை சொல்ல மாட்டார், சுற்றி வருவார், தேவைப்பட்டால் ஒரு கேள்வி கேட்பார். இன்னொரு முடிவும் இதில் உண்டு. இதைப் பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பாக அவர்கள் அறிவிக்கவில்லை. கணிதத்தில் மேலே போக விரும்புகிறவர்களுக்கான ஹானர்ஸ் திட்டமாகவே அறிவித்தார்கள். எல்லா இனத்தவரும் சேரலாம். உதவி கேட்க வெட்கப்படும் மாணவர் அந்த அறைக்குள் நுழைவதற்கு வெட்கப்படக் காரணமே இல்லாமல் போனது. அதில் சேர்ந்த கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களின் கால்குலஸ் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. பிறகு ஆஸ்டினில் 1988-லும் அதன் பின் வேறு பல வளாகங்களிலும் இதே மாதிரி திட்டங்கள் வந்தன.

இதற்கு ஒரு உறவுமுறைத் திட்டமும் உண்டு. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் 1973-ல் தொடங்கிய "சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன்". ஆபத்தில் இருக்கும் மாணவரைக் குறிவைக்காமல், பலர் தோற்கும் ஆபத்தான பாடத்தைக் குறிவைப்பது அதன் அடிப்படை. ஏற்கெனவே அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்த சீனியர் மறுபடியும் வகுப்பில் போய் உட்காருவார், குறிப்பெடுப்பார், வாரத்தில் சில முறை குழுவைக் கூட்டுவார். மீண்டும் பாடம் நடத்த மாட்டார். டிரீஸ்மன் பட்டறையைவிட இதை அமைப்பது எளிது, ஆனால் யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம் என்பதால் குழு நிலையாக இருப்பதில்லை. வருகிறவர்கள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்ற கணக்கைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும், ஏனென்றால் தாமாக வருகிறவர்கள் ஏற்கெனவே ஊக்கம் உள்ளவர்கள்.

என் கேள்விக்கு இந்த முறைதான் மிக நேரான பதிலைத் தருகிறது. பாடத்தைப் பற்றிக் கேட்பதே குழுவின் வேலை என்று ஆகிவிட்டதால், உதவி கேட்பது என்பது தனிச் செயலாக இல்லை. மிட்டெர்ம் வாரத்தில் குழு வெட்டுப்படாது, அந்த வாரத்தில்தான் எல்லோரும் வருவார்கள். நட்பு? அது வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டியவர்களிடையே தானாக வரும். அறிமுக விளையாட்டுகளில் வருவதைவிட உறுதியாகவும் வரும்.

முன்பே சேர்த்து அனுப்புவது

டெபோரா பியல் 1989-ல் தொடங்கிய பாஸி (Posse) அறக்கட்டளை, ஒரு நகரத்திலிருந்து சுமார் பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பள்ளி இறுதியாண்டில் மாதக்கணக்கில் வாராவாரம் பயிற்சி கொடுத்து, ஒரே கல்லூரிக்குக் குழுவாக அனுப்புகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஃப்ரீமன் ஹ்ராபோவ்ஸ்கி 1988-ல் ராபர்ட் மேயர்ஹாஃப் தந்த நன்கொடையோடு உருவாக்கிய மேயர்ஹாஃப் திட்டம் கோடையிலேயே மாணவர்களை வரவழைத்து, சேர்ந்து தங்கவைத்து, சேர்ந்து படிப்பதை எதிர்பார்க்கப்படும் நடத்தையாகவே ஆக்கிவிடுகிறது. அறிவியல், பொறியியலில் கறுப்பின மாணவர்களை முனைவர் பட்டம் வரை கொண்டுசென்றதில் அந்த வளாகத்துக்கு இருக்கும் பெயர் நாடறிந்தது.

இந்த இரண்டுமே எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் முழுக் கட்டணச் ஸ்காலர்ஷிப், கோடைத் தங்கல், முழுநேர ஊழியர்கள் என்று செலவு பெரிது. ஒரு சாதாரண ஹானர்ஸ் அலுவலகம் பிப்ரவரியில் முடிவெடுத்து ஆகஸ்டில் தொடங்கக்கூடிய ஒன்று அல்ல. நன்கொடையாளர் ஒருவர் கிடைத்தால் இங்கேதான் செலவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு மணி நேரப் பயிற்சி

குழுவே வேண்டாம், இது போதும் என்று சிலர் சொல்லும் வழி ஒன்றும் இருக்கிறது. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹெனும் 2011-ல் "சயின்ஸ்" இதழில் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்கள் சுமார் ஒரு மணி நேரம் ஒரு செயலில் ஈடுபட்டார்கள். "இங்கே நான் ஒட்டவில்லையோ" என்ற கவலை எல்லாச் சீனியர்களுக்கும் முதலில் இருந்தது, காலப்போக்கில் போய்விட்டது என்ற செய்தியைப் படித்து, அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதி, அடுத்து வரப்போகிறவர்களுக்காகப் பேசினார்கள். மூன்றாண்டுகள் கழித்துக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்திருந்தது, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. 2023-ல் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களோடு செய்த பெரிய ஆய்வு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: தங்களைப் போன்றவர்கள் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கும் வளாகங்களில்தான் அந்தப் பயிற்சி பலன் தந்தது.

ஆகவே இது குழுவுக்கு மாற்றாகாது. குழு இருக்கும் இடத்தில் இது வேர்பிடிக்கும். முதல் கூட்டத்தில் மென்டர் தன் முதல் அக்டோபரைப் பற்றி உண்மையாகப் பேசுவதும், புதியவர்கள் அதைக் கேட்டு எழுதுவதும் காசு செலவில்லாதவை. எந்த முறையைத் தேர்ந்தாலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மணி நேரக் கணக்கு

பாடக் குழு செலவு அதிகம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதியவர்கள் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு பேருக்கு ஒருவர் என்றால் 34 மென்டர்கள். சந்திப்பு ஒன்றரை மணி நேரம், தனிப்பட்ட விசாரிப்பு அரை மணி, மென்டர்களின் சொந்தக் கூட்டம் ஒரு மணி என்று வைத்தால் வாரத்துக்கு ஒருவருக்கு 3 மணி நேரம், மொத்தம் 102. மாணவருக்குக் கிடைப்பது வாரம் ஒன்றரை மணி நேரம்.

இப்போது பாடக் குழு. 200 பேரில் 120 பேர் கால்குலஸ் அல்லது வேதியியல் எடுக்கிறார்கள் என்று கொள்வோம். 15 பேருக்கு ஒரு குழு, எட்டு நடத்துநர்கள். வகுப்பில் உட்காருவது 3 மணி, இரண்டு அமர்வுகள் 4 மணி, தயாரிப்பு 2 மணி, ஆக ஒருவருக்கு 9, மொத்தம் 72 மணி நேரம். மீதி 80 பேர் இலக்கியம், வரலாறு, அரசியல் படிக்கிறவர்கள். அவர்களுக்குப் பத்துப் பேர் கொண்ட எட்டு குழுக்கள், நடத்துநருக்கு 5 மணி, மொத்தம் 40. இரண்டையும் கூட்டினால் 112. கிட்டத்தட்ட அதே செலவுதான். ஆனால் அறிவியல் மாணவருக்கு வாரம் நான்கு மணி நேரம் கிடைக்கிறது. தவிர 34 பேருக்குப் பதில் 16 பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த 16 பேரையும் நன்றாகத் தேர்ந்தெடுக்க முடியும், நன்றாகப் பயிற்றுவிக்க முடியும், நியாயமான சம்பளமும் கொடுக்க முடியும். மென்டர் வேலையைச் சேவை என்று சொல்லி இலவசமாகச் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் செய்தால் பகுதிநேர வேலை பார்த்தே தீர வேண்டிய மாணவர்கள் மென்டராக வர முடியாமல் போகும். புதியவர்களில் பலருக்கு மிகவும் தேவைப்படுவது அவர்களைத்தான்.

ஆகவே என் தேர்வு பாடக் குழு. அடித்தளமாக அது, முதல் கூட்டத்தில் அந்த ஒரு மணி நேரப் பயிற்சி, தேவை அதிகமுள்ள சிலருக்கு மட்டும் தனித் துணை.

கலைப் பாடக்காரர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். கணக்குத் தாளை அப்படியே கொண்டுபோக முடியாதுதான். ஆனால் ஹானர்ஸ் கருத்தரங்கில் வாராவாரம் கடினமான ஒரு நூலைப் படித்து, கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. பாதி எழுதிய வரைவை மேசைமேல் வைத்து, "இந்தப் பத்தியில் நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை" என்று ஒருவர் சொல்ல, எழுதியவர் வாயால் விளக்க, "அதையே எழுது" என்று மூன்றாமவர் சொல்லும் குழு அதே வேலையைச் செய்கிறது. முடிந்த கட்டுரையைக் கொண்டுவரக் கூடாது என்ற ஒரு விதி மட்டும் வேண்டும். நல்ல மாணவர்கள் முடிக்காததைக் காட்டத்தான் பயப்படுகிறார்கள்.

யாரை நடத்துநராக எடுப்பது என்பதில் அலுவலகங்கள் ஜி.பி.ஏ. பட்டியலின் மேலிருந்து தொடங்குவதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பாடம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் தேர்விலேயே 98 வாங்கியவரைவிட, முதல் மிட்டெர்மில் சறுக்கி டிசம்பருக்குள் ஏறி வந்தவர் பொருத்தமானவர். எங்கே கால் வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். நேர்முகத்தில் ஒரு கணக்கைக் கொடுத்து, புரியாதது போல நடிக்கும் ஒருவருக்கு உதவச் சொல்லிப் பார்த்தால் போதும். பென்சிலைப் பிடுங்கித் தானே போட்டுக் காட்டுகிறவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

பயிற்சியில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று, எல்லை. நடத்துநர் மனநல ஆலோசகர் அல்ல. ஒருவர் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று பேசுகிறார் என்றால் என்ன செய்வது, எந்த ஊழியரை எந்த நேரத்திலும் அழைக்கலாம், 988 என்ற அமெரிக்க நெருக்கடி உதவி எண்ணை எப்போது கொடுப்பது என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தோளில் அந்தப் பாரத்தைத் தனியாக வைக்கக் கூடாது.

பலன் தந்ததா என்று பார்க்க, டிசம்பரில் "உங்களுக்குப் பிடித்ததா?" என்று கேட்கும் படிவம் உதவாது. பீட்சா கொடுத்தாலும் பிடித்தது என்றுதான் வரும். ஆறாவது வாரத்தில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், எத்தனை பேர் ஒரு முறையாவது ஆபீஸ் ஹவர்ஸுக்குப் போனார்கள், இரண்டாம் ஆண்டில் எத்தனை பேர் ஹானர்ஸில் தொடர்கிறார்கள் என்று பார்க்கலாம். நடத்துநர் இல்லாத நாளிலும் குழு கூடியதா என்று விசாரிப்பது இவற்றைவிட நல்ல அளவுகோல்.

பணம் மிகக் குறைவு, வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் சம்பளம் கொடுக்க முடியாது என்றால், இரண்டு நடத்துநர்களோடு முதல் பருவ கால்குலஸில் மட்டும் தொடங்கலாம். முப்பது பேருக்கு அது போதும். அதில் சேர அழைப்பு எல்லோருக்கும் போக வேண்டும், மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும் அல்ல. செப்டம்பரில் இடங்கள் முழுவதையும் நிரப்பிவிட வேண்டாம். எனக்கு இது தேவையில்லை என்று அப்போது சொன்னவர்களில் சிலர் முதல் மிட்டெர்ம் தாள் கைக்கு வந்த வாரத்தில் வருவார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு குழுவிலும் மூன்று இடத்தையாவது காலியாக வைத்திருந்து, அந்த வாரம் மறுபடியும் எல்லோருக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும்.